காருக்குள் பெற்றோல் மணமா? மூக்கு சொல்வதை எழுதி வையுங்கள்



அடுப்படி, அலுமாரி, கிணற்றடி என்று வீட்டைச் சுற்றியே வந்துகொண்டிருக்கும் நம் பக்கம், இந்த மாதம் வாசலில் நிற்கும் காருக்குள் ஏறுகிறது. கார் என்றால் ஆண்கள் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓட்டுபவர் ஜன்னலைத் திறந்துகொண்டு ஓட்டுகிறார். பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருபவர் பெரும்பாலும் நீங்கள்தான். காருக்குள் வரும் மணம் முதலில் உங்கள் மூக்குக்குத்தான் தெரியும்.

மாத்தளை அலுவிகாரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்களிடம் இருப்பது முப்பது வருடப் பழைய கார். சில மாதங்களாக உள்ளே பெற்றோல் மணக்கிறது. அக்குறணையிலுள்ள உம்மாவைப் பார்க்கப் போனால், பலகடுவ ஏற்றத்தில் சின்னவள் 'உம்மா, தலை சுத்துது' என்று வாந்தி எடுத்துவிடுகிறாள். கராஜில் காட்டினோம். பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, 'எல்லாம் சரி, பழைய கார் என்றால் மணக்கத்தான் செய்யும்' என்றார்கள். வாசனைப் போத்தல் வாங்கித் தொங்கவிட்டோம். அதுவும் இதுவும் சேர்ந்து இன்னும் மோசம். பெற்றோல் அடித்த அன்று மிகவும் கூடுதல்; நாலைந்து நாள் போனால் குறைந்துவிடும். இப்போது உம்மா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். பழைய கார் மணக்கத்தான் வேண்டுமா?"

வேண்டியதில்லை, சகோதரி. பழைய காரிலும் பெற்றோல் இருக்க வேண்டிய இடம் தாங்கியும் குழாயும் எஞ்ஜினும்தான். உள்ளே மணக்கிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்கத் தேவையான குறிப்பை நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மறுபடியும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வந்த கார்களின் விலையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில். ஆகவே வாப்பா காலத்துக் காரே இன்னும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறது. காருக்கு வயதானால் முதலில் தளர்வது இரும்பல்ல, றப்பர். வெயிலும் எஞ்ஜின் சூடும் பட்டுப் பட்டு றப்பர் குழாய் விறைத்து, ஓரங்களில் வெடிக்கிறது. பெற்றோல் மணத்தின் கதை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மணம் சொல்லும் சேதி

பெற்றோல் மிக இலகுவாக ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் அது தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அப்படியென்றால் மாத்தளை வெயிலில் நிற்கும் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். டிக்கியிலும், சீட்டுக்கு அடியிலும், காற்பாயிலும் தேங்கும். மடியிலும் சீட்டின் தாழ்விலும் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு அது கிட்ட. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் அவர்களுக்கு முந்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறுதலான ஒரு விஷயமும் உண்டு. காற்றில் பெற்றோல் ஆவி 1.4 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால்தான் தீப்பொறி பட்டுப் பற்றும். நம் மூக்கோ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அதாவது ஆபத்து வருவதற்கு வெகு முன்பே மூக்கு அறிவித்துவிடுகிறது. ஆனால் அதே மூக்கு சில நிமிடங்களில் அந்த மணத்துக்குப் பழகியும் போகும். "இப்போது மணக்கவில்லையே" என்று நடுவழியில் தோன்றுவதை நம்பாதீர்கள். கதவைத் திறந்த முதல் நிமிடத்தில் மூக்கு சொல்வதே சாட்சி.

பெற்றோலில் பென்சீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது பல காலமாக அறிந்த விஷயம். 2025ஆம் ஆண்டு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வாகனப் பெற்றோலையே அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாள் மணந்ததற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் நாள்தோறும் பிள்ளைகளை அந்தக் காற்றைச் சுவாசிக்க விடுவது சரியல்ல. கர்ப்பிணிகள் அந்தக் காரைத் தவிர்ப்பதே நல்லது.

முதலில் செய்யக்கூடாதவை

வாசனைப் போத்தல் வேண்டாம். அது மணத்தை மூடுமே தவிர ஓட்டையை மூடாது. மணம் போகட்டும் என்று காருக்குள் சாம்பிராணியோ ஊதுபத்தியோ கொண்டுபோகவே கூடாது. கசிவைத் தேடும்போது பக்கத்தில் சிகரட், நெருப்புக்குச்சி, நுளம்புச் சுருள் எதுவும் இருக்கக்கூடாது. டோர்ச் லைட்டைத் தூரத்திலேயே போட்டுக்கொண்டு கிட்ட வாருங்கள். காரை மூடிய கராஜுக்குள் நிறுத்தாமல் வெளி முற்றத்தில் நிறுத்துங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜாக இருந்தால் இது மிக முக்கியம்.

ஒரு கொப்பி எடுங்கள்

வாய்வழியாக நினைவில் காக்கப்பட்டு வந்த பௌத்த நூல்கள் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதி வைக்கப்பட்ட இடம் என்று அலுவிகாரையைச் சொல்வார்கள். நினைவில் இருப்பதை எழுதி வைத்தால்தான் நிலைக்கும் என்பது அந்த ஊருக்குப் புதிய பாடமல்ல. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். நாலே விஷயம்: மணந்த நேரம், அப்போது கார் என்ன செய்துகொண்டிருந்தது, தாங்கியில் எவ்வளவு பெற்றோல், மணம் முன்பக்கமா பின்பக்கமா.

"மணக்கிறது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கு வழி தெரியாது. கராஜுக்குப் போகும் நேரத்தில் கார் மணக்காமலும் இருக்கலாம். "எப்போது மணக்கிறது" என்று சொன்னால், எங்கே பார்ப்பது என்று அவருக்கு விளங்கும். அந்தக் குறிப்புகளை இப்படி வாசிக்கலாம்.

*பெற்றோல் அடித்த அன்றும், ஏற்றத்திலும், வளைவிலும் மணந்தால்:* தாங்கியின் மேற்பகுதியில் குறை. பெற்றோல் ஊற்றும் வாய்க்கும் தாங்கிக்கும் இடையே ஒரு தடித்த றப்பர் குழாய் உண்டு. அது வெடித்திருக்கலாம். மூடியின் வாஷர் தேய்ந்திருக்கலாம். தாங்கிக்கு மேலே பெற்றோல் அளவு காட்டும் கருவி பொருத்திய இடத்தில் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். காற்றுப் போகும் சிறு குழாய் கழன்றிருக்கலாம். தாங்கி நிறைந்திருக்கும்போது பெற்றோல் அந்த உயரத்தைத் தொடும்; பாதியானால் தொடாது. அதனால்தான் சில நாளில் மணம் குறைகிறது.

*இரவு நின்ற காரைக் காலையில் திறந்ததும் மணந்தால்:* மெதுவான கசிவு. தாங்கியின் அடிப்பகுதித் துரு, தாங்கியிலிருந்து முன்னே போகும் குழாயின் மூட்டு, அல்லது டிக்கியில் மறந்துவிட்ட கேன்.

*குளிர்ந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மணந்தால்:* சோக் இழுத்த பழைய எஞ்ஜின் கொஞ்ச நேரம் எரியாத பெற்றோலைப் புகையோடு வெளியே தள்ளும். சூடானதும் நின்றுவிட்டால் காபரேட்டரைச் சரிசெய்தால் போதும். நிற்காவிட்டால் சைலன்சர் குழாயிலும் டிக்கிக் கதவின் றப்பரிலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புகை உள்ளே வந்தால் அதோடு காபன் மொனொக்சைட்டும் வரும். அதற்கு மணமே கிடையாது. தூக்கம் வருவதுபோல் ஆளை மயக்கிவிடும். பயணத்தில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே காரை நிறுத்தி இறங்குங்கள்.

*ஓடி வந்து நிறுத்திய பிறகு மணந்தால்:* எஞ்ஜின் சூட்டில் காபரேட்டரில் மிஞ்சிய பெற்றோல் ஆவியாகிறது. பழைய கார்களில் சில நிமிடங்களுக்கு இது இயல்பு. ஆனால் காபரேட்டரின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் இயல்பல்ல. உள்ளே பெற்றோலை அளவோடு நிறுத்தும் நீடில் வால்வு தேய்ந்து, பெற்றோல் நிரம்பி வழிகிறது.

*எஞ்ஜின் ஓடும் நேரமெல்லாம் மணந்தால்:* பெற்றோல் பம்பையும் எஞ்ஜின் பக்கக் குழாய்களையும் பாருங்கள். பழைய பம்பின் உள்ளே டயபிரம் என்ற ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அது கிழிந்தால் சில கார்களில் பெற்றோல் எஞ்ஜின் ஒயிலோடு கலக்கும். எஞ்ஜின் குளிர்ந்தபின் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். ஒயில் மட்டம் தானாக உயர்ந்து, பெற்றோல் மணமும் வந்தால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

முன்பக்கமா பின்பக்கமா என்று அறிய ஒரு எளிய வழி. திறந்த வெளியில் எஞ்ஜினை ஓடவிட்டு, ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று வரும்படி புளோவரை ஒரு நிமிடம் போடுங்கள். அந்தக் காற்று முன் கண்ணாடிக்கு அடியில் பொனட்டின் ஓரமாக உள்ளே நுழைகிறது. மணம் கூடினால் குறை எஞ்ஜின் பக்கம். கூடாவிட்டால் பின்னால், தாங்கிப் பக்கம் தேடுங்கள்.

அலுவிகாரைச் சகோதரிக்கு

உங்கள் கடிதத்துக்கு வருவோம். பெற்றோல் அடித்த அன்று கூடுதல், நாலைந்து நாளில் குறைவு, பலகடுவ ஏற்றத்தில் பிள்ளைக்கு வாந்தி. மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. ஏற்றத்தில் தாங்கியிலுள்ள பெற்றோல் பின்பக்கம் சாய்ந்து, ஊற்றும் குழாய்ப் பக்கம் ஏறுகிறது. கராஜில் பொனட்டைத் திறந்து பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது பின்பக்கம். டிக்கியின் பாயையும் ஓரத் தகட்டையும் கழற்றி, ஊற்றும் குழாயின் றப்பரை அடிப்பக்கமும் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். அது சரியாக இருந்தால் தாங்கியின் மேல் கேஸ்கட்டைப் பார்க்கட்டும். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் அதற்கான சிறு மூடி தெரியும்.

இன்னொன்று. பின் கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கருக்காக வெட்டிய ஓட்டைகள் இருந்தால், டிக்கியில் தேங்கும் ஆவி அந்த வழியாகத்தான் பின்சீட்டுக்கு வரும். கசிவைத் திருத்திய பிறகு அவற்றையும் அடைத்துவிடுங்கள்.

கார் திருத்தப்படும் வரை தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அவசியமென்றால் மட்டும் ஜன்னல்களைத் திறந்துகொண்டு போங்கள். சின்னவளை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். உம்மா வீட்டுக்கு அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியது

பெற்றோல் சொட்டு விரைவில் காய்ந்துவிடும். இரவு விரித்த பத்திரிகைத் தாளில் காலையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கார் வந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் அடியில் வெள்ளை அட்டை ஒன்றைத் தள்ளி, அரை மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள்.

எஞ்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, சந்தேகப்படும் மூட்டைத் துடைத்து, பிள்ளைக்குப் போடும் முகப் பவுடரை மெல்லத் தூவி விடுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு பவுடர் நனைந்து கோடு விழுந்திருந்தால் கசிவு அங்கேதான். பழைய கசிவு இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கறையும் தெரியும்.

இதற்கு மேல் கழற்றும் வேலை மெக்கானிக்குடையது. குறிப்பாக, காபரேட்டர் இல்லாமல் இன்ஜெக்‌ஷன் முறையில் ஓடும் கார்களில் பல மாதிரிகளின் குழாய்க்குள் டயரிலுள்ள காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தில் பெற்றோல் நிற்கிறது. எஞ்ஜினை நிறுத்தியபின்னும் அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். அதில் கை வைக்கக்கூடாது.

கராஜில் கேட்க வேண்டியவை

கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நானா, தாங்கி நிறைந்திருக்கும்போதும் ஏற்றத்திலும்தான் மணக்கிறது, பின்பக்கம் பாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்.

குழாய் மாற்றினால் பெற்றோலுக்கென்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் மீன் தொட்டிக் குழாயும் சில வாரங்களில் கெட்டுவிடும். இன்ஜெக்‌ஷன் காருக்கு உயர் அழுத்தக் குழாய் வேண்டும். ஒரு குழாய் வெடித்தால் மற்றவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது மலிவு. கட்டுக்கம்பியால் இறுக்கக்கூடாது. திருகும் கிளிப் போடட்டும்.

கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கன் பசை பூசினால் பெற்றோல் அதை ஊதவைத்துக் கரைத்துவிடும். புதிய கேஸ்கட்தான் போட வேண்டும்.

தாங்கியில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் வழியில் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்பதால் கராஜ் வரை போகலாம். அது திருத்தம் அல்ல. தாங்கியை வெல்டிங் செய்வதாக இருந்தால், உள்ளே ஆவி துளியும் இல்லாமல் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கி ஆபத்தானது. ஏனென்றால் பற்றுவது ஆவிதான்.

பாயில் ஊறிய பெற்றோல்

கசிவை நிறுத்திய பிறகும் காற்பாய் மணக்கும். வெளியே எடுத்து, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் நிழலில் காற்றாட விரியுங்கள். ஆவி போனபின் அப்பச் சோடாவைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு வைத்து, மறுநாள் தட்டிவிட்டு, சவர்க்காரத் தூள் போட்டுத் தனியாகக் கழுவுங்கள். பெற்றோல் ஈரம் இருக்கும்போது வெக்யூம் கிளீனர் போடக்கூடாது. அதன் மோட்டரில் தீப்பொறி உண்டு. பஞ்சு ஊறியிருந்தால் வீசிவிடுங்கள்.

டிக்கியில் இருக்கும் கேன்

2022ஆம் ஆண்டின் நீண்ட வரிசைகளை நாம் யாரும் மறக்கவில்லை. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூ.ஆர். முறை வந்தபோது, கிடைத்ததைக் கேனில் சேர்த்து வைத்த வீடுகள் பல. வரிசை போய்விட்டது; சில டிக்கிகளிலும் கோடிப்புறங்களிலும் கேன் மட்டும் போகவில்லை. தண்ணீர்ப் போத்தலும் எண்ணெய்க் கேனும் பெற்றோலுக்கு உரியவை அல்ல. இன்றே தேடி அகற்றுங்கள். குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதும் கூடாது. ஒரு வாய் பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஷெட்டில் பம்ப் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று அடிக்கவிடாதீர்கள். நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ந்து வரும் 40 லீற்றர் பெற்றோல், வெயிலில் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் பெருகும். இரண்டு கோப்பைத் தேநீர் அளவு. அதற்கு இடமில்லாவிட்டால் வழிந்துதான் வர வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

ஓடும்போது மணம் திடீரென்று கூடினால், அல்லது காருக்கு அடியில் சொட்டுவதைக் கண்டால், ஓரமாக நிறுத்தி எஞ்ஜினை அணைத்து, பிள்ளைகளை இறக்கித் தூரமாகக் கூட்டிப் போங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது. தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெற்றோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். சிறிய உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்றை முன்சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது நல்லது.

திருத்தி முடிந்ததும் கொப்பியை மூடிவிடாதீர்கள். தாங்கியை நிரப்பி, ஓர் ஏற்றம் ஏறி, ஓர் இரவு நிறுத்தி, இன்னும் மூன்று நாள் எழுதுங்கள். மூன்று நாளும் "மணமில்லை" என்று எழுத முடிந்தால் வேலை சரி. ஒரு நாளாவது மணந்தால், கூச்சப்படாமல் அதே கராஜுக்குத் திரும்பிப் போய் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். காசு கொடுத்தது மணம் நிற்பதற்குத்தான்.

உங்கள் வீட்டுச் சந்தேகங்களையும் எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.